நீலப் புள்ளி

கோகிலவாணியிடம் ஓட்டம் பழக வருகிறவர்கள் முதலில் ஷூவைப் பற்றிக் கேட்பார்கள்.

"எந்த ஷூ வாங்கலாமுங்க மிஸ்?"

"காலுக்குச் சேர்றதா வாங்குங்க."

"எந்த வாட்ச் நல்லதுங்க?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

அவளுக்கு முப்பது இன்னும் ஆகவில்லை. ஒரு காலத்தில் மாவட்டத்துக்காக நெடுந்தூரம் ஓடியவள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மிஸ். விடிகாலையில் கோபி ஊருக்கு வெளியே வாய்க்கால் ரோட்டில் பெரியவர்களுக்கு ஓடச் சொல்லித்தருவாள். வருகிறவர்கள் எல்லோரும் அவளைவிட மூத்தவர்கள். இருந்தாலும் எல்லோருக்கும் அவள் மிஸ்தான்.

பல் டாக்டர் கிரிதரன் ஒருநாள் ஓடி முடித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"என்னங்க டாக்டர்?"

"பாதி வழியில வாட்ச்சுல சார்ஜ் போயிருச்சு மிஸ். ஓடினது ஒண்ணுமே ஏறல. அத்தனையும் வீண்."

"அப்ப வேர்வையத் தொடைக்காம வீட்டுக்குப் போங்க. அதையாவது காட்டலாம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். ஆனால் அடுத்த நாள் வேறு வாட்ச்சோடு வந்தார்.

அந்த வாரத்தில்தான் சாந்தாமணி வந்தாள்.

சுடிதாருக்கு மேலே மகனின் பழைய டீ-ஷர்ட். புது ஷூ. இடது மணிக்கட்டில், வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, ஒரு பெரிய கறுப்பு வாட்ச். பிரஷர் இருப்பதாக ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் ஒரு மணி நேரம் நடக்கவோ ஓடவோ வேண்டும் என்று வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே சொன்னதால் வீட்டில் சம்மதம் கிடைத்தது.

வீட்டுக்காரர் குழந்தைவேல், கடைவீதியில் மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் விற்கிற கடை வைத்திருப்பவர். வாட்ச் அவருடைய கடையிலிருந்து வந்தது. அதில் சிம் இருந்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவருடைய செல்லில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்.

"பாதுகாப்புக்குங்க," என்றாள் சாந்தாமணி.

கோகிலவாணி தலையாட்டினாள்.

சாந்தாமணியால் ஓட முடியவில்லை. கொஞ்ச தூரம் ஓடினாள், நின்றாள். மறுபடியும் கொஞ்சம் நடந்தாள். வாய்க்கால் மதகுச் சுவர் வந்தது. அதில் உட்கார்ந்தாள்.

மணிக்கட்டு ஒலித்தது.

"என்ன சாந்தா, புள்ளி நின்னுபோச்சு?"

"ஷூ லேஸுங்க."

"சரி சரி, பாத்து."

எழுந்து நடந்தாள். மறுநாளும் அங்கே உட்கார்ந்தாள். மறுநாளும் ஒலித்தது.

"காலு வலிக்குதா?"

"இல்லீங்க. தண்ணி குடிச்சனுங்க."

"தண்ணி வீட்லயே குடிச்சுட்டுப் போறதுதான."

கோகிலவாணி மதகுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாந்தாமணியாகத்தான் சொன்னாள்.

"கெட்டவரு இல்லீங்க மிஸ். நல்லாத்தான் வெச்சிருக்காரு. புதுசா எந்த மெஷின் வந்தாலும் மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வரும். கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு. தொவைக்க மெஷினு, அரைக்க மெஷினு, கூட்ட மெஷினு, இதுக்கும் மேல பொம்பளைகளுக்கு வீட்ல என்னங்க வேலைன்னு."

"நீங்க என்ன சொல்லுவீங்க்கா?"

"நான் என்னத்தச் சொல்றது? மாவு அரைக்கிறது கிரைண்டரு. கிரைண்டரக் கழுவுறது நானு. கூட்டுற மெஷினு சோபாவுக்கு அடியில போயி மாட்டிக்கிட்டுக் கத்தும். அதக் குனிஞ்சு எடுக்கிறது நானு. வாங்கிட்டுப் போறவங்களுக்கு என் நம்பரத்தான் குடுப்பாரு. அக்கா, இந்த எண்ணெயில்லா சட்டியில வடை வருமான்னு ராத்திரி சோத்து நேரத்துல கேப்பாங்க."

"வருமா?"

"வரும். வடை மாதிரி இருக்காது."

கோகிலவாணி சிரித்தாள். சாந்தாமணி சிரிக்கவில்லை.

"நான் ஓட வரலீங்க மிஸ்," என்றாள்.

"தெரியும்."

"ஒரு மணி நேரம். எனக்குன்னு. யாரும் எதுவும் கேக்காம. அவ்வளவுதானுங்க வேணும். உக்கார்றதுக்கு ஒரு மணி நேரம் குடுங்கன்னு வீட்ல கேட்டா, வீட்லயே உக்காரு, இத்தன சோபா கெடக்குதும்பாரு. ஓடப் போறேன்னாத்தான் விடுறாரு. ஓடினாத்தான் புள்ளி நகருது. புள்ளி நின்னா போன் வருது. நான் எப்படீங்க உக்கார்றது?"

கோகிலவாணி அவளுடைய கையைப் பிடித்தாள். வாட்ச்சைக் கழற்றினாள். தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். வாய்க்கால் ரோட்டில் ஓடிப்போனாள்.

சாந்தாமணி மதகில் உட்கார்ந்தாள்.

தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தேங்காய் மட்டை ஒன்று வந்து மதகில் முட்டி, திரும்பி, வழி கண்டுபிடித்துப் போயிற்று. பின்னால் ஒரு சிமென்ட் பை வந்தது. அதுவும் போயிற்று. யாரோ எங்கோ மோட்டார் போட்டார்கள். சாந்தாமணி காலை நீட்டினாள். ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். மடியில் கை வெறுமனே கிடந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் மறந்துவிட்டாள்.

கோகிலவாணி திரும்பி வந்தாள்.

"என்ன பண்ணீங்க்கா?"

"ஒண்ணும் பண்ணலீங்க."

"நல்லாப் பண்ணீங்களா?"

சாந்தாமணி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். சாந்தாமணி வருவாள். கையை நீட்டுவாள். மிஸ் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு ஓடுவாள். மற்ற ஓட்டக்காரர்கள் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் கிரிதரன் மட்டும் ஒருநாள், "என்னோடதையும் ஒரு நாளைக்குக் கட்டிக்கிட்டு ஓடுங்க மிஸ், நம்ம குரூப்புல நான் தலை நிமிந்து நடக்கணும்," என்றார்.

"உங்களுக்கு உக்காரத் தெரியாதுங்க டாக்டர்," என்றாள் கோகிலவாணி.

ஒரு காலை, வழியில் ஒரு வைக்கோல் டிராக்டர் குறுக்கே நின்றது. ஒதுங்க இடமில்லை. கோகிலவாணி நின்றாள். மணிக்கட்டு ஒலித்தது. எடுக்க முடியாது. எடுத்தால் குரல் வேறு. விட்டு மறுபடியும் ஒலித்தது. டிராக்டர்காரர், "போனு அடிக்குது அம்மணி," என்றார். கோகிலவாணி வந்த வழியே திரும்பி ஓடினாள். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் இந்தப் பக்கம் ஓடிவந்தாள். டிராக்டர் நகரும்வரை அந்த இடத்திலேயே செக்குமாடு போல வட்டமாக ஓடினாள். புள்ளி நகர்ந்ததும் போன் நின்றது.

மதகுக்கு வந்தபோது அவளுடைய முகம் வேறு மாதிரி இருந்தது.

"தெனமும் இப்படித்தானுங்களாக்கா?"

"எதுங்க?"

"கொஞ்சம் நின்னதுக்கு."

"ஆமாங்க."

கோகிலவாணி வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தாள். அது கட்டியிருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் வழியில் எங்கும் நிற்கவில்லை.

சாந்தாமணியின் பிரஷர் இறங்கிற்று. ஆஸ்பத்திரி டாக்டர் ஓட்டத்தைப் பாராட்டினார். குழந்தைவேல் வாட்ச்சைப் பாராட்டினார். செல்லை எடுத்துக் கடைக்கு வருகிறவர்களிடம் காட்டினார். "நம்ம வீட்லதானுங்க. வயசு நாப்பத்தேழு. பாருங்க எத்தன கிலோமீட்டரு. போன மாசம் மாடிப்படி ஏற மூச்சு வாங்குனவ. எல்லாம் இந்த வாட்ச்சக் கட்டுன நேரம்." வாட்ச் விற்றது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலைதோறும் சாந்தாமணியின் கிலோமீட்டர் வந்தது. நாத்தனார்கள் கைகூப்பும் படம் போட்டார்கள்.

இட்லி எடுத்து வைக்கும்போது குழந்தைவேல் அவளை ஒருமாதிரி மரியாதையோடு பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை அவளுக்குப் பிடித்திருந்தது. அது மிஸ்ஸுக்குப் போகவேண்டிய பார்வை என்பது நினைவுக்கு வந்ததும் அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஒருநாள் காலை அவள் மதகுக்கு வந்து கையை நீட்டவில்லை.

"மிஸ், கடைக்கு மேல ஃபிளெக்ஸ் கட்டிட்டாருங்க."

"எதுக்குங்க்கா?"

"ஈரோட்டுல பத்து கிலோமீட்டரு ஓட்டமாம். என் பேரக் குடுத்துட்டாரு. டீ-ஷர்ட்டுல கடை பேரு அடிச்சாச்சு. ஃபிளெக்ஸுல நானு கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். அது என் கை இல்லீங்க, வேற யார் கையோ ஒட்டியிருக்காங்க. தல மட்டுந்தான் என்னோடது."

கோகிலவாணி அவளுடைய மணிக்கட்டிலிருந்த வாட்ச்சைப் பார்த்தாள்.

"உங்க ஓட்டத்தை என் பேருல ஃபிளெக்ஸ் அடிச்சுட்டாரு மிஸ்."

"நான் மெதுவாத்தானுங்க்கா ஓடினேன்."

"உங்க மெதுவு எனக்கு ஏழு ஜென்மமுங்க."

"மெதுவா ஓடணும்னுதான் நெனச்சேன். கையில அது இருந்தா நிக்கவே தோணல."

வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. இருவரும் பார்த்தார்கள்.

"உள்ளதச் சொல்லிரட்டுங்களா?" என்றாள் சாந்தாமணி.

"சொன்னா?"

"ஒரு மணி நேரம் போயிருமுங்க. ஊருக்கே தெரியும். அவரு அசிங்கமாப் போயிருவாரு. அப்புறம் என்னைய வாசலுக்குக்கூட விடமாட்டாரு."

"சொல்லாட்டி?"

"ஓடணும். பாதியில விழுவேன். அப்பவும் போயிரும்."

"விழாம ஓடினா?"

"அது எப்படீங்க முடியும்?"

கோகிலவாணி குனிந்து சாந்தாமணியின் ஷூ லேஸை இறுக்கிக் கட்டினாள். வாட்ச் சாந்தாமணியின் கையிலேயே இருந்தது.

"பேச முடியிற வேகத்துல ஓடுங்க்கா. பேச முடியலீன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

"யாருகூடங்க பேசறது?"

"உங்ககூடத்தான்."

"எனக்கு என்கூடப் பேச ஒண்ணுமில்லீங்களே."

"அப்பத் திட்டுங்க."

"யாரையுங்க?"

"வாயில யாரு வர்றாங்களோ."

சாந்தாமணி ஓடினாள். மிஸ் கூடவே ஓடினாள். கொஞ்ச தூரம் ஒரு சத்தமும் இல்லை. மூச்சு மட்டும்தான். பிறகு சாந்தாமணி மெல்லச் சொன்னாள்.

"அந்தக் கூட்டுற மெஷினு."

"ம்."

"நாசமாப் போக."

"ம்."

"பாத்திரம் கழுவுற மெஷினு. அதுல வெக்கிறதுக்கு முன்னாடியே பாத்திரத்தக் கழுவணுமாம். அப்புறம் எதுக்குடா நீயி?"

"நல்லாருக்கு. தோள இறக்குங்க்கா."

"போன் பண்ணிக் கேக்குறாளே, ரவைய அந்த எண்ணெயில்லா சட்டியில வறுக்கலாமான்னு. உன் தலையப் போட்டு வறுடி."

கோகிலவாணிக்குச் சிரிப்பில் அடி தப்பியது. சாந்தாமணிக்குத் தப்பவில்லை. அவள் போய்க்கொண்டிருந்தாள். மெஷின்கள் தீர்ந்துபோய், நாத்தனார்கள் வந்தார்கள். நாத்தனார்கள் தீர்ந்ததும் கொஞ்ச நேரம் பேச்சு நின்றது. பிறகு மிகவும் சின்னக் குரலில் வீட்டுக்காரர் வந்தார். மிஸ் நாலடி பின்தங்கி ஓடினாள், காதில் விழாதபடி.

அன்றைக்கு நின்று திரும்பிப் பார்த்தபோது மதகு கண்ணுக்கே தெரியவில்லை.

புள்ளி மெதுவாகப் போவதைக் குழந்தைவேல் கவனிக்காமல் இல்லை.

"என்ன சாந்தா, வேகம் கொறஞ்சுபோச்சு? பாதிக்குப் பாதி!"

"போட்டிக்கு முன்னால மெதுவாத்தான் ஓடணும்னாங்க மிஸ்."

"ஆமாமா," என்றார் அவர். "வீடியோவுல ஒருத்தன் சொன்னான். சக்திய சேத்து வெக்கிறதாம்."

அவருக்கு ஓட்டத்தைப் பற்றி இப்போது நிறைய அபிப்பிராயங்கள் இருந்தன. சாப்பிடும்போது சொல்வார். குதிகால் முதலில் படக்கூடாது. வாழைப்பழம் ஓடுவதற்கு முன்பு, முட்டை ஓடியபின்பு. மூச்சை மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டும். சாந்தாமணி கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றுவாள். அவர் மாடிக்குப் போக லிஃப்ட் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது.

சாந்தாமணி தினமும் ஓடினாள். மதகைத் தாண்டும்போது அதை ஒருமுறை பார்ப்பாள். உட்காரவில்லை. முதலில் அது வலித்தது. பிறகு ஒருநாள் மிஸ்ஸிடம் சொன்னாள்.

"ஒண்ணு கண்டுபிடிச்சனுங்க மிஸ்."

"என்னக்கா?"

"ஓடிட்டிருக்கிறவள யாரும் கூப்புடுறதில்ல."

கோகிலவாணி அவளைப் பார்த்தாள்.

"உக்காந்தா கூப்புடுறாங்க. படுத்தா கூப்புடுறாங்க. குளிச்சாலும் கதவத் தட்டுறாங்க. ஓடறப்ப மட்டும் புள்ளி பாட்டுக்குப் போகுது, நான் பாட்டுக்கு உள்ள இருக்கேன். மதகுல உக்காந்த மாதிரியே இருக்குதுங்க. காலு மட்டும் ஆடுது."

"அப்ப ஈரோட்டுக்கு அப்புறமும் ஓடுவீங்களா?"

"ஈரோடு முடிஞ்சாத்தானுங்க நெஜமாவே ஓடணும். அவருக்குக் காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது. ஒரு மணி நேரம், எனக்கே எனக்கு. பத்தையும் ஓடி முடிச்சுட்டா அவரு என்ன கேட்டுறப் போறாரு?"

கோகிலவாணிக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஈரோட்டில் நல்ல கூட்டம். சாந்தாமணி கடை பேர் போட்ட டீ-ஷர்ட்டில் நின்றாள். குழந்தைவேல் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். கையில் செல். கோகிலவாணி தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், வேடிக்கை பார்க்கிறவர்களோடு நின்றாள்.

ஓடியவர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் பையன்கள். பிறகு டாக்டர் கிரிதரன், முகமெல்லாம் சிவந்து, கோட்டைத் தாண்டியதும் வாட்ச்சை அமுக்கினார். பிறகு ஒவ்வொருவராக. கூட்டம் கலைந்தது. மேளக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள். சுத்தம் செய்கிறவர்கள் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

சாந்தாமணி வந்தாள்.

உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. யாரையோ திட்டிக்கொண்டு வந்தாள். தோள் இறங்கியிருந்தது. வளையல் சத்தம் கேட்டது. வேகமில்லை, தடுமாற்றமும் இல்லை. கோட்டைத் தாண்டினாள். தாண்டிய பிறகும் நான்கைந்து அடி ஓடி, நின்று, முட்டியில் கை வைத்து நிமிர்ந்து, வீட்டுக்காரரைத் தேடினாள். அவளுடைய முகத்தில் இருந்ததை அதற்கு முன்பு மிஸ்கூடப் பார்த்ததில்லை.

குழந்தைவேல் குனிந்து செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துருச்சு வந்துருச்சு!" என்று கத்தினார். "புள்ளி கோட்டத் தாண்டிருச்சு!"

நிமிர்ந்து பார்த்தார். சாந்தாமணி அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அட, வந்துட்டியா? எப்ப வந்த? நான் செல்லப் பாத்துட்டு நின்னுட்டேன். வீடியோ எடுக்கலியே. இந்தா, மறுபடியும் ஒருக்கா ஓடி வா. அங்க இருந்து வந்தாப் போதும். கைய மேல தூக்கிட்டு வா."

"முடிஞ்சுதுங்களே," என்றாள் சாந்தாமணி.

"நாலடிதான் சாந்தா. கடைக்கு வேணுமில்ல."

சாந்தாமணி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற மிஸ்ஸைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்துபோய், கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஃபிளெக்ஸில் இருந்ததைப் போலவே இருந்தது. குழந்தைவேல் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சாந்தாமணி வாய்க்கால் ரோட்டுக்கு வரவில்லை. உடம்பு வலியாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதற்கு மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. "பத்து ஓடினதும் நம்மளையெல்லாம் மறந்துட்டாங்க," என்றார் டாக்டர் கிரிதரன்.

பிறகு ஒரு காலை அவள் வந்தாள். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. சேலை கட்டியிருந்தாள். காலில் செருப்பு. கையில் கொத்தமல்லி கட்டு. மணிக்கட்டில் வளையல்கள் கீழே இறங்கியிருந்தன.

"வாட்ச் எங்கீங்க்கா?"

"சார்ஜுல போட்டுட்டு வந்தனுங்க. கொத்தமல்லி வாங்கன்னு வந்தேன்."

மதகில் உட்கார்ந்தாள். மிஸ்ஸும் உட்கார்ந்தாள்.

"அவருக்கு ரொம்ப சந்தோசமுங்க மிஸ். ஈரோட்டுல இருந்து திரும்பி வந்தா ஹாலுல புதுசா ஒண்ணு நிக்குது. ட்ரெட்மில்லு. கடையில இருக்குறதுலயே பெருசு. சந்தனம் குங்குமமெல்லாம் வெச்சு, மாலை போட்டு வெக்கச் சொல்லியிருந்தாரு. நீ பத்து ஓடுனதுக்குப் பரிசுன்னாரு."

கோகிலவாணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இனிமே வெளிய போக வேண்டாமாம். ரோட்டுல நாயி, லாரி, பனி. வீட்லயே ஓடிக்கலாமாம். வேண்டாமுங்க, வாய்க்கால் ரோட்டுல நல்ல காத்துங்கன்னேன். ஃபேன் இருக்குதேங்கிறாரு."

"ம்."

"நான் சொன்னனுங்க. அது ஓடுறதுக்கு இல்லீங்க, எனக்குன்னு ஒரு மணி நேரமுங்கன்னு. சொல்லிட்டனுங்க மிஸ், வாயத் தொறந்து. அவரு அப்படியே என்னையப் பாத்தாரு. நானா வேண்டாங்கிறேன்? ஒரு மணி நேரமென்ன, ரெண்டு மணி நேரம் ஓடு, இங்கதான இருக்குதுன்னாரு."

கொத்தமல்லிக் கட்டிலிருந்து பழுத்த இலைகளைக் கிள்ளி வாய்க்காலில் போட்டாள்.

"அடுப்பப் பாத்த மாதிரி போட்டிருக்காரு. ஓடிக்கிட்டே குக்கர் விசில எண்ணிக்கலாமாம். நேத்து மெஷின் பாக்கன்னு ரெண்டு பேர வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரு. ஏ சாந்தா, ஏறி ஓடிக் காட்டுன்னாரு. ஓடிக் காட்டுனனுங்க. பாலு பொங்கற வாசம் வருது. ஓடிட்டே இருக்கேன். சவுண்டே வரலீங்களேங்கிறாங்க வந்தவங்க. மோட்டாரு அப்படிப்பட்டதுன்னாரு இவரு."

கிள்ளிப் போட்ட இலைகள் மதகுக்குள் போய் மறைந்தன.

"நான் ஈரோட்டுல விழுந்திருக்கணுங்களா மிஸ்?"

கோகிலவாணி வாட்ச் கட்டியிராத தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்திருந்தா பாதியாவது மிஞ்சியிருக்கும். பிரஷருக்கு நடன்னு விட்டிருப்பாரு. ஓடி ஜெயிச்சு உள்ள போயிட்டனுங்க."

தண்ணீர் மதகுக்குள் புகுந்து சத்தமாக மறுபக்கம் விழுந்துகொண்டிருந்தது.

"அந்த மெஷின் அடுப்பப் பாத்து இருக்குன்னீங்க," என்றாள் கோகிலவாணி.

"ஆமாங்க."

"முதுகுப் பக்கம் என்ன இருக்கு?"

சாந்தாமணி யோசித்தாள்.

"வாசக்கதவுங்க."

"ஓடாம நின்னா என்ன பண்ணும்?"

"பெல்ட்டு ஓடிட்டேதானுங்க இருக்கும். நம்மள இழுத்துட்டுப் போயிப் பின்னால தள்ளிரும்."

"அப்ப நில்லுங்க்கா."

சாந்தாமணி கொத்தமல்லிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்தா அடி படுமுங்க மிஸ்," என்றாள்.

"படும்," என்றாள் கோகிலவாணி.